முஹர்ரம் லீவு: வாழ்த்து சொல்லலாமா?

இந்த எபிசோடுல ஒரு சின்ன கேள்வி. முஹர்ரம் லீவு அன்னைக்கு "ஹேப்பி முஹர்ரம்"னு மெசேஜ் வருதே, அதுக்கு என்ன பதில் போடுறது?

முதல்ல தேதிக் கணக்கைப் பார்த்துருவோம். ஹிஜ்ரி வருஷம் பிறையை வச்சு ஓடுது, அதுக்கு 354 நாள்தான். அதனால வருஷா வருஷம் பத்துல இருந்து பன்னிரண்டு நாள் முன்னாடி வந்துரும். 2023-ல ஜூலை 29, 2024-ல ஜூலை 17, 2025-ல ஜூலை 6. மூணுமே குற்றால சீசன் நேரம். லீவு, சாரல், அருவின்னு ஊருக்குள்ள ஒரே கூட்டம்.

புது வருஷம் பிறக்கிறது முஹர்ரம் 1. ஆனா அரசு லீவு விடுறது முஹர்ரம் 10-க்கு. அந்த நாளுக்குப் பேர் ஆஷூரா. குழப்பமே இங்கதான் ஆரம்பிக்குது.

தென்காசி, கடையநல்லூர், வடகரைப் பக்கம் இருக்கிற நாங்க பெரும்பாலும் சுன்னி. ஃபிர்அவ்னிடமிருந்து மூஸா நபியையும் அவர் மக்களையும் அல்லாஹ் காப்பாற்றிய நாள் இது. அந்த நன்றிக்காக நபிகள் நாயகம் நோன்பு வைக்கச் சொன்னாங்க. ரமலான் மாதிரி கட்டாயமில்லை, சுன்னத். ஒன்பதும் பத்தும் சேர்த்து வைப்போம். சஹர்ல இருந்து மஃரிப் வரை, இந்த சீசன்ல கிட்டத்தட்ட 14 மணி நேரம். வெளியில பார்த்தா ஒண்ணுமே தெரியாது. புது டிரெஸ் கிடையாது, பெருநாள் தொழுகையும் கிடையாது.

அதே நாள் ஷியா மக்களுக்குப் பெரிய துக்கம். கி.பி. 680-ல, ஹிஜ்ரி 61 முஹர்ரம் 10 அன்னைக்கு, கர்பலாவுல நபியோட பேரன் இமாம் ஹுசைன் கொல்லப்பட்டார். யஸீதோட ஆட்சியை ஏற்க மறுத்தவர் அவர். கூட இருந்தவங்களுக்குத் தண்ணிகூடக் கிடைக்காம தடுத்தாங்க. சுன்னிகளுக்கும் இது வலிக்கிற வரலாறுதான். ஆனா ஷியாக்கள் கருப்பு உடுத்தி, மஜ்லிஸ்ல உட்கார்ந்து, அழுது நினைவுகூர்வாங்க. சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளிவாசல் நிற்கிற இடமே முஹர்ரம் கூட்டங்களுக்காக உருவானது. அங்க ஏத்தின விளக்குகளாலதான் அந்த ஏரியாவுக்கே அந்தப் பேர்.

இன்னொரு முகமும் இருக்கு. தஞ்சாவூர் பக்கம் காசவளநாடு புதூர்ல இந்துக்களே இந்த நாளை அனுசரிக்கிறாங்க. 'அல்லா சாமி'ன்னு உள்ளங்கை வடிவத்தை ஊர்வலமா எடுத்துட்டுப் போய், தீ மிதிக்கிறாங்க.

ஒரே தேதி: ஒரு வீட்டுல நோன்பு, ஒரு வீட்டுல ஒப்பாரி, ஒரு ஊர்ல நேர்த்திக்கடன். இதுல "ஹேப்பி" எங்க பொருந்தும்? எனக்கு அப்படி மெசேஜ் அனுப்புறவங்க அன்பாத்தான் அனுப்புறாங்க, நான் கோபப்படுறதில்ல. ஆனா என்கூட வேலை பார்க்கிற ஷியா நண்பனுக்கு அது, துக்க வீட்டு வாசல்ல நின்னு வாழ்த்து சொல்ற மாதிரி.

அதனால என் யோசனை இதுதான். புது வருஷ வாழ்த்துன்னா முஹர்ரம் 1-லயே சொல்லிருங்க. பத்தாம் நாள் பக்கத்து வீட்டு பாய்கிட்ட "இன்னைக்கு நோன்பா?"ன்னு கேளுங்க. ஷியா நண்பர்னா "உங்க துக்கத்துல நானும் கலந்துக்கிறேன்"னு ஒரு வரி போதும்.