உயரம் கேட்கும் குழல்

தரைக்கு ஒரு வடிவம், விண்வெளிக்கு இன்னொன்று. ராக்கெட் என்ஜினின் பழைய தலைவலிக்கு ஏரோஸ்பைக் மருந்தாகுமா?

மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலைக்கு பஸ் ஏறும் பக்தர்களுக்கு வளைவுகளைத் தாண்டும்போது காது அடைத்துக்கொள்வது வழக்கம். முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்து, 1997-ல் சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போன இந்தத் தலம் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. பயணிகளுக்கு, எச்சில் விழுங்கினால் தீர்ந்துவிடும் சங்கடம். ராக்கெட்டின் நிலை வேறு. சில நிமிடங்களுக்குள் முழுக் காற்றழுத்தத்திலிருந்து கிட்டத்தட்ட சூன்யத்துக்குப் போய்விடுகிறது அது.

சிக்கல் இருப்பது நாசில் எனப்படும், மணி வடிவக் குழலில். எரிகலனில் உண்டாகும் வாயு இதில் விரிந்து வேகம் பெறுகிறது. காற்றில்லாத உயரத்தில் மணி அகலமாக இருந்தால் லாபம். அதே மணியைத் தரையில் இயக்கினால் வெளிக்காற்று உள்ளே நெருக்கி, வாயுவைச் சுவரிலிருந்து பிரித்துவிடும். அந்த அதிர்விலும் வெப்பத்திலும் மணியே சேதமாகலாம். குறுகிய மணி தரைக்குச் சரி. உயரத்தில் சக்தி வீண்.

திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ வளாகத்துக்கு இது அன்றாடப் பிரச்னை. எல்விஎம்3 ராக்கெட்டின் மேல்கட்டத்தை இயக்கும் சிஇ20 கிரயோஜெனிக் என்ஜினில், மணிவாயின் பரப்பு அதன் கழுத்தைப்போல 100 மடங்கு. வெளியேறும் வாயுவின் அழுத்தம் சுமார் 50 மில்லிபார், அதாவது தரைக்காற்றின் அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்கு. முழு மணியோடு சோதிக்க, உயரத்துச் சூழலைச் செயற்கையாக உண்டாக்கும் தனி வசதி வேண்டும். 2024 நவம்பர் 29 அன்று, நாசிலைக் காக்கும் புதிய ஏற்பாட்டைப் பொருத்தி, தரைமட்டக் காற்றிலேயே இந்த என்ஜினை இயக்கிக் காட்டியது இஸ்ரோ. மனிதரைச் சுமக்கும் ககன்யான் திட்டத்துக்கும் இதே என்ஜின்தான் என்பதால் இந்த வெற்றிக்கு மதிப்பு அதிகம்.

ஏரோஸ்பைக் வேறு வழி சொல்கிறது: மணியை உள்வெளியாகத் திருப்பிவிடு. நடுவில் ஒரு கூர்முனை. அதன் பக்கங்களைத் தழுவிக்கொண்டு வாயு இறங்கும். வெளிப்பக்கம் சுவரே இல்லை, காற்றுதான் சுவர். தரையில் காற்று வாயுவைக் கூர்முனையோடு ஒட்டி அழுத்துகிறது. உயரம் கூடக்கூட அழுத்தம் தளர்ந்து, வாயு தானாக விரிகிறது. ஒரே குழல் எல்லா உயரத்துக்கும் பொருந்திவிடுகிறது.

பிறகு ஏன் ஒரு ஏரோஸ்பைக் கூட இதுவரை செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்க்கவில்லை? முதல் காரணம் வெப்பம். கொதிக்கும் வாயுவின் நடுவே நிற்கும் கூர்முனையைக் குளிர்விப்பது சுலபமல்ல. இரண்டாவது, எடை. மூன்றாவது, பல கட்ட ராக்கெட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி மணி பொருத்திக்கொள்ளலாம். ஏரோஸ்பைக்கின் லாபம் அங்கே சுருங்கிவிடுகிறது. ஒரே கட்டத்தில் விண்ணேறும் கனவுக்குத்தான் அது உண்மையில் தேவை. அந்தக் கனவுக்கு முன்னோட்டமாக அமெரிக்கா தொடங்கிய எக்ஸ்-33 திட்டம், நாசா சுமார் 90 கோடி டாலர் செலவழித்தபின் 2001-ல் கைவிடப்பட்டது. பெரிய அடி என்ஜினால் விழவில்லை; 1999 சோதனையில் பழுதான எரிபொருள் தொட்டியால் விழுந்தது.

இப்போது மறுபடி ஆர்வம் துளிர்த்திருக்கிறது. 2024 அக்டோபரில் ஜெர்மனியின் போலாரிஸ் நிறுவனம், பறக்கும் சிறு விமானத்தில் ஏரோஸ்பைக்கைச் சில விநாடிகள் எரித்தது. முப்பரிமாண அச்சுமுறையில், நுண்ணிய குளிர்விப்புப் பாதைகளோடு என்ஜினை ஒரே துண்டாக வார்க்க முடிவதே புதிய நம்பிக்கை. மணி வடிவ என்ஜினில் அந்த வித்தை சென்னைக்கும் கைவந்ததுதான்: அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் அத்தகைய என்ஜினோடு ராக்கெட்டைப் பறக்கவிட்டது.

ஆனால் இஸ்ரோ மணியைக் கைவிடவில்லை, மெருகேற்றுகிறது. பிஎஸ்எல்வியின் நான்காம் கட்டத்துக்காகக் கார்பன் நாசில் ஒன்றை உருவாக்கி, 2024 ஏப்ரலில் மகேந்திரகிரியில் 200 விநாடி சோதித்தது. குழலின் எடை மூன்றில் இரண்டு பங்கு குறையும். ராக்கெட் சுமக்கும் எடை 15 கிலோ கூடும் என்பது கணக்கு. ஏரோஸ்பைக்கின் கணக்கும் பல பத்தாண்டுகளாகக் காகிதத்தில் சரியாகவே வருகிறது. ஏவுதளத்தில் கேட்பதோ கிலோவை.