அம்மாவுக்காக அழாதவன் குற்றவாளியா?

சாவு வீட்டுக்குப் போய்வந்தவரிடம் நம் ஊர்களில் தவறாமல் ஒரு கேள்வி வரும். "பையன் அழுதானா?" அதற்கு, "எங்க அழுதான், கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தான்" என்று பதில் வந்துவிட்டால் போதும். அவன் எத்தனை வருடம் தாயைப் பார்த்துக்கொண்டான், எவ்வளவு கடன் வாங்கி மருத்துவம் பார்த்தான் என்பதெல்லாம் அடிபட்டுப் போய்விடும். பதினாறாம் நாள் முடிந்தும் அந்தப் பேச்சு மட்டும் தெருவில் நிற்கும்.

இந்தப் பேச்சையே நீதிமன்றம் வரை கொண்டுபோய் நிறுத்திய நாவல் ஒன்று இருக்கிறது. பெயர் 'அந்நியன்'. உடனே 2005-ல் வந்த ஷங்கர் – விக்ரம் படம் ஞாபகத்துக்கு வரும். அதற்கு 25 ஆண்டுகள் முன்பே, 1980-ல், இதே பெயரில் வந்த மொழிபெயர்ப்பு இது. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1942-ல் வெளியிட்ட நாவலை, பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் வெ. ஸ்ரீராம். வெளியிட்டது க்ரியா பதிப்பகம்.

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்களுக்கு 'இருத்தலியல்' என்ற தலைப்பு வந்தாலே இந்த நாவலும் கூடவே வந்துவிடும். கைடுகளில் கதாநாயகன் மெர்சோவைப் பற்றி இருப்பது பெரும்பாலும் ஒரே வரிதான்: அவன் உணர்ச்சியற்றவன், எதிலும் ஒட்டாதவன். அதை அப்படியே எழுதினால் மார்க் விழும். ஆனால், அது சரிதானா?

பேரணாம்பட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். வீட்டில் அம்மாவோ அக்காவோ ஷூ கம்பெனிக்குப் போகிறவர். கைடை மூடிவைத்துவிட்டு, தன் ஊரில் பார்த்ததை வைத்துக்கொண்டு அவள் இந்த நாவலைப் படித்தால் மெர்சோ எப்படித் தெரிவான்?

கதை இதுதான்

மெர்சோ, அல்ஜீரியாவின் தலைநகர் அல்ஜியர்ஸில் ஓர் அலுவலகக் குமாஸ்தா. அப்போது அந்த நாடு பிரான்ஸின் ஆட்சியில் இருந்தது. 80 கிலோமீட்டர் தள்ளி, மாரெங்கோ என்ற ஊரின் முதியோர் இல்லத்தில் இருந்த அம்மா இறந்துவிட்டதாகத் தந்தி வருகிறது. போகிறான். இரவெல்லாம் சவப்பெட்டியின் அருகே உட்கார்ந்திருக்கிறான். முகம் பார்க்கிறாயா என்று கேட்டபோது வேண்டாம் என்கிறான். காவலாளி கொடுத்த பால் காபியைக் குடிக்கிறான், சிகரெட் பிடிக்கிறான். அழவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் கடலில் நீந்தப் போகிறான். அங்கே மரி என்ற பெண்ணைச் சந்தித்து, அன்று மாலை அவளோடு சிரிப்புப் படம் பார்க்கிறான். சில நாள் கழித்து, பக்கத்து வீட்டு ரேமோனின் தகராறில் மாட்டிக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் கடற்கரையில் ஓர் அரபு இளைஞனைச் சுட்டுக் கொல்கிறான்.

வழக்கு நடப்பது கொலைக்குத்தான். ஆனால் விசாரணையில் பெரிதாகப் பேசப்படுவது காபியும் சிகரெட்டும் சினிமாவும். 'குற்றச்சாட்டு, தாயை அடக்கம் செய்ததற்கா, ஒருவரைக் கொன்றதற்கா?' என்று அவனுடைய வக்கீலே கேட்டுப் பார்க்கிறார். பயனில்லை. மரண தண்டனை.

லீவு கேட்கும் காட்சி

கைடுகள் வேகமாகக் கடந்துபோகும் ஒரு விஷயம் நாவலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அம்மா இறந்ததற்கு மெர்சோ முதலாளியிடம் இரண்டு நாள் லீவு கேட்கிறான். அவர் முகம் சுளிக்கிறார். இது தன் தப்பு இல்லை என்று மெர்சோ சொல்கிறான். சொன்ன பிறகு, அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று யோசிக்கிறான். சனி, ஞாயிறும் சேர்ந்து நான்கு நாளாகிவிட்டதுதான் முதலாளிக்கு உறுத்துகிறது என்பதைப் பிறகு புரிந்துகொள்கிறான்.

பாரிஸில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு இது விசித்திரமான உரையாடலாகத் தெரியலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் இதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. விடியற்காலையில் சோறு கட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களுக்கு, ஒருநாள் லீவு என்பது ஒருநாள் சம்பளம். சாவுக்குப் போனாலும், "எப்ப திரும்பி வருவே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். துக்கத்தில் இருக்கும்போதே சூப்பர்வைசர் முகம் கண்ணில் வந்து நிற்கும். அதை மனசாட்சி இல்லாத குணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மெர்சோ ஓடிப்போய் பஸ் ஏறுகிறான், களைப்பில் வழியெல்லாம் தூங்குகிறான், இரவு முழுக்கச் சவப்பெட்டியருகே உட்கார்ந்தபடி இடையிடையே கண்ணயர்கிறான், மறுநாள் கடும் வெயிலில் ஊர்வலத்தில் நடக்கிறான். பிறகு வக்கீல் கேட்கும்போது, அன்று தான் மிகவும் களைப்பாகவும் தூக்கக்கலக்கத்திலும் இருந்ததாகச் சொல்கிறான். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலைத் தாங்கியவர்களுக்கு, அது வெறும் சாக்கு இல்லை என்பது தெரியும்.

இரண்டு தெரு, இரண்டு துக்கம்

பேரணாம்பட்டு, தமிழும் உருதும் கலந்து ஒலிக்கும் ஊர். ஒரு தெருவில் சாவு விழுந்தால் பறை அடிப்பார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். இறந்தவரின் நல்லது கெட்டது எல்லாம் பாட்டாக வெளியே வரும். அழாமல் இருப்பது அங்கே மரியாதைக் குறைவு.

இன்னொரு தெருவில் மய்யித் வீட்டில் குரல்கள் தாழ்ந்திருக்கும். கண்ணீர் விடலாம், மார்பில் அடித்துக்கொண்டு ஓலமிடக் கூடாது என்பது மார்க்கம் சொல்வது. ஜனாஸா தொழுகை முடிந்து, கபர்ஸ்தானில் ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டுவிட்டு, பொறுமையாக இருக்கச் சொல்லி ஆறுதல் கூறுவார்கள். அங்கே சத்தம் போடாமல் இருப்பதுதான் மரியாதை.

இந்த வீட்டார் அந்தச் சாவுக்கும், அந்த வீட்டார் இந்தச் சாவுக்கும் போய்வருகிறார்கள். துக்கத்துக்கு ஒரே ஒரு முகம்தான் உண்டு என்று இரண்டையும் பார்த்து வளர்ந்த மாணவியால் எழுத முடியாது. மெர்சோவை விசாரித்த நீதிமன்றத்துக்குத் தெரியாமல் போனது இதுதான்.

சுவருக்கு அப்பால் ஓர் அழுகை

சரி, மெர்சோவுக்கு உள்ளேயாவது ஏதாவது இருந்ததா? இதற்கு நாவலிலேயே சாட்சி இருக்கிறது.

அவன் வீட்டருகே சலமானோ என்ற கிழவர் இருக்கிறார். சொறி பிடித்த ஒரு நாயை வளர்க்கிறார். நாள் முழுக்க அதைத் திட்டுகிறார், அடிக்கிறார். ஒருநாள் அது காணாமல் போகிறது. அன்றிரவு சுவருக்கு அப்பாலிருந்து வரும் சத்தத்தை வைத்து, கிழவர் அழுகிறார் என்று மெர்சோ தெரிந்துகொள்கிறான். ஏனென்று தெரியாமலே அந்த நேரத்தில் அவனுக்கு அம்மாவின் நினைவு வருகிறது. சாப்பிடப் பிடிக்காமல் படுத்துவிடுகிறான்.

இவ்வளவுதான். வேகமாகப் படித்தால் தவறிவிடும். ஆனால், உணர்ச்சியே இல்லாதவன் ஏன் சாப்பிடாமல் படுக்க வேண்டும்?

நாவலின் கடைசிப் பக்கங்களிலும் அம்மா வருகிறாள். முதியோர் இல்லத்தில் தோமா பெரேஸ் என்பவரோடு அவள் நெருங்கிய நட்பாக இருந்தாள். வாழ்க்கையின் கடைசியில் அவள் ஏன் அப்படி ஓர் உறவைத் தொடங்கினாள் என்பது, சாவுக்காகக் காத்திருக்கும் மகனுக்குச் சிறையில்தான் புரிகிறது. தாயை இவ்வளவு தாமதமாகவாவது புரிந்துகொள்கிறவனை ஒட்டாதவன் என்று சொல்லிவிட முடியுமா?

அவனிடம் இல்லாதது உணர்ச்சி அல்ல, நடிப்பு. வழக்குக்கு முன் வக்கீல் ஒரு யோசனை சொல்கிறார். அன்று உணர்ச்சிகளை அடக்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிடலாமா? அந்த ஒரு வார்த்தை அவனுக்கு உதவியிருக்கும். மெர்சோ மறுக்கிறான். காரணம், அது உண்மை இல்லை. 1955-ல் இந்த நாவலைப் பற்றி எழுதிய காம்யுவும், தன் நாயகன் பொய் சொல்ல மறுப்பதால்தான் தண்டிக்கப்படுகிறான் என்றே விளக்கினார்.

பேசாத தாயின் மகன்

காம்யு 1913-ல் அல்ஜீரியாவில் பிறந்தவர். மறு வருடமே அப்பா முதல் உலகப் போரில் இறந்துபோனார். அம்மா காத்தரீனுக்குக் காது சரியாகக் கேட்காது, எழுதப் படிக்கத் தெரியாது, பேச்சும் மிகக் குறைவு. வீட்டுவேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். அவருக்கும் மகனுக்கும் இடையே இருந்த அன்பில் வார்த்தைகள் அதிகம் இல்லை.

1957-ல் நோபல் பரிசு பெற்ற காம்யு, 1960 ஜனவரி 4 அன்று கார் விபத்தில் இறந்தார். அப்போது அவரோடு இருந்த கையெழுத்துப் பிரதி, 1994-ல் 'முதல் மனிதன்' என்ற நாவலாக வந்தது. அதை, ஒருபோதும் அந்தப் புத்தகத்தைப் படிக்க முடியாத தன் தாய்க்குக் காணிக்கையாக்கியிருந்தார். வாய் திறந்து சொல்லாத பாசம் எப்படி இருக்கும் என்று அவருக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கிறது.

காம்யு தன்னை இருத்தலியல்வாதி என்று சொல்வதை ஏற்கவில்லை என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். அர்த்தம் தேடும் மனிதனுக்கும் பதில் சொல்லாத உலகத்துக்கும் இடையிலான இழுபறியை, 'அபத்தம்' என்றே அவர் பேசினார்.

அதற்காக அவன் நல்லவனா?

இங்கேதான் மாணவி நிதானிக்க வேண்டும். அழாததற்காக மெர்சோவைத் தண்டித்தது அநியாயம். ஆனால், அவன் ஒரு மனிதனைக் கொன்றிருக்கிறான். முதல் குண்டுக்கு வெயிலைக் காரணம் சொல்லலாம். விழுந்து கிடந்த உடலின் மேல் மீண்டும் நான்கு முறை சுட்டானே, அதற்கு? நீதிபதி கேட்கும்போது அவனிடம் பதில் இல்லை. ஒரு பெண்ணைப் பழிவாங்க ரேமோனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவனும் அவன்தான். அவள் அடி வாங்கும் சத்தம் கேட்டபோது, போலீஸைக் கூப்பிடவும் அவன் போகவில்லை. வார்த்தையில் நேர்மையாக இருப்பது வேறு, அடுத்தவர் வலியை உணர்வது வேறு.

இன்னொன்று. கொல்லப்பட்டவருக்கு நாவலில் பெயரே இல்லை. அரபு ஆள், அவ்வளவுதான். அவருக்கும் ஒரு தாய் இருந்திருப்பாளே என்று நீதிமன்றம் யோசிக்கவில்லை, மெர்சோவும் யோசிக்கவில்லை. பல தலைமுறை வாசகர்களும் யோசிக்கவில்லை. 2013-ல் அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத், இதற்குப் பதிலாக ஒரு நாவல் எழுதினார். அதில் இறந்தவரின் தம்பி ஹாரூன் கதை சொல்கிறான். அண்ணனுக்கு ஒரு பெயர் கிடைக்கிறது: மூசா. மகனைப் பறிகொடுத்த அந்தத் தாயின் துக்கம் நாவல் முழுக்க ஓடுகிறது.

மூசா, ஹாரூன். பேரணாம்பட்டுத் தெருவில் கூப்பிட்டால் யாராவது திரும்பிப் பார்க்கும் பெயர்கள். 'தாய்க்காக அழாத மகனைப் பற்றி இவ்வளவு பேசினோமே, மகனுக்காக அழுத தாயை ஏன் கேட்கவில்லை?' என்று அந்த ஊர் மாணவி கேட்டால், அது கைடில் கிடைக்காத கேள்வி. அவள் கட்டுரைக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது.

நம் வீட்டு மெர்சோக்கள்

இந்த நாவலைப் படிக்காதவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. தாத்தா இறந்த அன்று செல்போனை நோண்டிக்கொண்டிருந்த பேரன், அப்பாவின் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குக் கிளம்பிய மகள், மனைவி போன பிறகு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெரியவர். இவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அதிர்ச்சியில் சிலருக்கு அழுகை வராது. சிலருக்கு ஆறு மாதம் கழித்து, இறந்தவரின் பழைய சட்டையைப் பார்க்கும்போது வரும். சிலருக்கு அழுகையாக வராமல், தூக்கமின்மையாகவோ எரிச்சலாகவோ வரும்.

"ஏன் அழல?" என்று கேட்பதைவிட, "சாப்பிட்டியா?" என்று கேட்பது நல்லது. குழந்தைகளை வற்புறுத்தி அழவைக்க வேண்டாம். இறந்தவரைப் பற்றி வீட்டில் சாதாரணமாகப் பேசுங்கள். அவர்களும் ஒருநாள் பேசுவார்கள். பல வாரங்கள் கடந்தும் ஒருவர் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் ஒட்டாமல் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416, தமிழக அரசின் 104 ஆகியவற்றிலும் ஆலோசனை கேட்கலாம்.

'அந்நியன்' சிறிய நாவல்தான். இரண்டு பாகம், 11 அத்தியாயம். சின்னச் சின்ன வாக்கியங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். படிக்கும்போது சலமானோவின் நாய் காணாமல் போகும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று படியுங்கள். அடுத்த முறை சாவு வீட்டில் யாராவது பேசாமல் உட்கார்ந்திருந்தால், அவர் பக்கத்தில் போய் உட்காரத் தோன்றும்.