ஹெந்தளைப் பாலத்துக்கு ஒரு கமரா

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் நாட்டை உலுக்கியபோது, கொழும்பில் மழை தணிந்த பிறகும் களனி கங்கையின் நீர்மட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. ஏறக்குறைய 145 கிலோமீற்றர் நீளமான ஆறு அது. நோர்வூட்டிலும் கித்துல்கலையிலும் தெரணியகலையிலும் கொட்டிய மழை கடலை நெருங்க நேரம் எடுக்கும். வத்தளை, ஹெந்தளைப் பக்கத்து வீடுகளுக்கு வானம் வெளித்துவிட்டது என்பது ஆபத்து விலகியதற்கு அடையாளமில்லை.

ஊருக்குப் பொதுவாக ஒரு வானிலைக் கமரா பூட்டி, படத்தை எல்லோரும் பார்க்க இணையத்தில் விடலாமே என்று பேச்செழுந்தால், எல்லோருக்கும் கடற்கரைதான் ஞாபகத்துக்கு வரும். அந்திச் சூரியன், திரண்டு வரும் கருமுகில். பார்க்க அழகுதான். ஆனால் முகிலைக் காட்ட ஜப்பானின் ஹிமவாரி செய்மதி இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது. ஹெந்தளையின் நடுவே ஓடும் ஹமில்டன் கால்வாயில் தண்ணீர் எந்தப் படி வரை வந்துவிட்டது என்பதை எந்தச் செய்மதியும் சொல்லாது.

ஹெந்தளையின் கிடப்பு அப்படி. மேற்கே கடல், தெற்கே களனி முகத்துவாரம், வடக்கே முத்துராஜவெல சதுப்பு நிலம். நடுவே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் வெட்டிய ஹமில்டன் கால்வாய். ஆறு பெருகினால் கால்வாய் வடிய வழியின்றி நிற்கும். கடலும் பெருக்கில் இருந்தால் இன்னும் தாமதம். அரசாங்கத்தின் அளவுகோல் ஆற்றுக்கு அக்கரையில், நாகலகம் வீதியில் இருக்கிறது. இன்றும் அடிக்கணக்கில்தான் அதைச் சொல்கிறார்கள்: 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். அந்த எண் தன் ஒழுங்கைக்கு என்ன அர்த்தம் என்பதை ஒவ்வொருவரும் மனக்கணக்காகப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வெறும் படம் எப்போது அளவீடாகிறது? இதற்கு நல்ல விடை அலாஸ்காவில் கிடைக்கிறது. மலைக் கணவாய்களைச் சிறு விமானங்கள் கடக்கும் அந்த மாநிலத்தில், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1999 முதல் வானிலைக் கமராக்களை நிறுவி வருகிறது. அவர்களுடைய கெட்டித்தனம் கமராவில் இல்லை. இப்போதைய படத்துக்குப் பக்கத்திலேயே, அதே கோணத்தில் தெளிந்த நாளில் எடுத்த படத்தையும் வைத்து, அதில் தெரியும் மலைகளின் தூரத்தைக் குறித்துவிடுகிறார்கள். எந்த மலை மறைந்திருக்கிறது என்று பார்த்ததும் விமானிக்குப் பார்வைத் தூரம் தெரிந்துவிடும்.

ஹெந்தளையில் மலையில்லை, கால்வாயின் மேல் பாலம் இருக்கிறது. அதன் தூணில் பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாக, ஒளி தெறிக்கும் மஞ்சள் வண்ணத்தில் அடையாளமிட்டு, கமராவை அசையாமல் அதை நோக்கிப் பூட்டினால் போதும். அருகில் வறட்சிக் காலத்துப் படம் ஒன்று. பொறியியல் படிக்காதவரும் அதை வாசிக்கலாம்.

'நேரலை' என்றதும் வீடியோவைத்தான் நினைப்போம். இங்கே அது வீண் ஆடம்பரம். நொடிக்கு ஒரு மெகாபிட் வீதம் ஓடும் வீடியோ நாளொன்றுக்குப் பத்து ஜிகாபைட்டுக்கு மேல் தின்னும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிழற்படம், ஒவ்வொன்றும் 200 கிலோபைட் என்றால், 288 படங்களுக்கும் சேர்த்து அறுபது மெகாபைட் ஆகாது. வெள்ளத்தில் தொலைபேசி இணைப்பு திணறும் நேரத்திலும் சிறு படம் எப்படியோ வந்து சேரும். படத்தின் மேலேயே நேரம் பதிய வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு முன் உறைந்துபோன படத்தை நம்பி ஒருவர் வீட்டிலேயே இருந்துவிடுவது, கமராவே இல்லாததைவிட மோசம்.

வெளியாட்கள் கமராவுக்குள் நுழைந்து பார்க்கும்படி ரவுட்டரில் வாசல் திறந்துவிடுவது பலர் செய்யும் வேலை. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாத கமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் பிடித்தது. அந்த ஒக்டோபரில் அவற்றை ஏவி, பெரிய இணையத்தளங்கள் பலவற்றை மணிக்கணக்கில் முடக்கினார்கள். கமராவே படத்தை வெளியிலுள்ள சேவையகத்துக்கு அனுப்பட்டும். அதைத் தேடி யாரும் உள்ளே வரத் தேவையில்லை.

இரவில் வேறு தொல்லை. கமராவின் அகச்சிவப்பு விளக்குகள் மழைத்துளிகளில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைக் கோடாகும். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்சின் முன்னால் வலை தொங்கும். அந்த விளக்கை அணைத்துவிட்டு, தூணுக்குத் தனியாக ஒரு விளக்குப் போடுவது நல்லது. கடற்காற்றின் உப்பும் லென்சில் படியும். மாதம் ஒருமுறையாவது துடைக்க ஆள் வேண்டும். இந்த ஆளைக் கண்டுபிடிப்பது கமரா வாங்குவதைவிடக் கடினம் என்பது என் எண்ணம்.

வெள்ளத்தின்போது பாதுகாப்புக்காக மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பட்டரியில் 84 வாட்-மணி இருக்கும். கமராவும் ரவுட்டரும் சேர்ந்து 15 வாட் இழுத்தால் ஐந்து மணி நேரத்தோடு சரி. களனி வெள்ளம் அவ்வளவு விரைவாக வடிந்து போவதில்லை. பெரிய பட்டரி, சூரியத் தகடு, மழைநாளில் அரைமணிக்கு ஒரு படம் என்ற சிக்கனம் — மூன்றும் வேண்டிவரும்.

கால்வாய்க் கரையில் மனிதர்களும் வாழ்கிறார்கள். குளிப்பவர்கள், துணி உலர்த்துபவர்கள், கதவைத் திறந்து வைத்திருப்பவர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கட்டும். சட்டமே இல்லாவிட்டாலும் அயலவரின் கொல்லைப்புறத்தை உலகுக்குக் காட்டுவது முறையல்ல. தூணும் தண்ணீரும் தவிர மிச்சத்தைக் கறுப்பாக மறைக்கும் வசதி சாதாரணக் கமராக்களிலேயே வருகிறது.

இத்தனைக்கும் முன்னால் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. 2016 மே வெள்ளத்திலும் 2025 வெள்ளத்திலும் தண்ணீர் தங்கள் சுவரில் எதுவரை நின்றது என்பதைக் கரையோரத்தவர்கள் கைகாட்டிச் சொல்வார்கள். மட்டக் குழாயொன்றைப் பிடித்து அந்த உயரங்களைப் பாலத்தூணுக்கு மாற்றி, ஆண்டையும் எழுதிவிடலாம். வண்ணப் பேணி ஒன்றும் இரண்டு பேரும் போதும். கமராவுக்குக் காசு பிறகு சேரட்டும்.