ஆமை வரைவோமா? கரையில் ஒன்று, கடலில் ஒன்று

சென்ற ஆண்டு ஒருநாள், தமிழ் வகுப்பிலே திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரத்தை விளக்கிக்கொண்டிருந்தோம். ஐம்பொறிகளையும் அடக்கி ஆள்பவனுக்கு வள்ளுவர் ஆமையை உவமை காட்டிய இடம் வந்தது. ஆபத்து நேருங்கால் நான்கு கால்களையும் தலையையும் ஓட்டினுள் இழுத்துக்கொள்ளும் அவ்வுயிரை மாணவரின் கண்முன் நிறுத்த விரும்பினோம். வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் ஓர் ஆமை வரைந்தோம். மன்னார்த் தீவிலே இருந்துகொண்டு கடலை மறக்கலாமா? ஆமையின் அடியில் நான்கைந்து அலைகளையும் இட்டுவைத்தோம்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். தந்தை கடற்றொழில் செய்பவர். கிராமம் தீவின் வடகரையில்.

"சேர், குறை நினையாதேங்கோ. நீங்கள் கீறினது கரையாமை. அதைக் கடலுக்குள்ளே விட்டால் தாண்டுபோகும். கடலாமைக்குக் கால் இல்லை, துடுப்புத்தான். அது தலையை உள்ளே இழுக்கவும் மாட்டாது" என்றான்.

வகுப்பு சிரித்தது; நாமும் சேர்ந்து சிரித்தோம். ஆயினும் உள்ளூர நாணினோம். பல்லாண்டுகளாக அக்குறளை விளக்கி வருகிறோம். நாள்தோறும் கடலைப் பார்த்து வருகிறோம். இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்க ஒருநாளும் தோன்றவில்லை. நாம் ஆமையை ஏட்டில் கண்டோம். அவன் வலையில் கண்டான். வேறுபாடு அவ்வளவே.

அன்று மாலையே பென்சிலும் கொப்பியுமாக உட்கார்ந்து, இருவகை ஆமைகளையும் வரையக் கற்கத் தொடங்கினோம். கற்றதை இங்கே படிப்படியாகத் தருகிறோம். சித்திரம் தமக்கு வராது என்று எண்ணும் மாணவரும், பிள்ளைகளோடு ஞாயிறு மாலையைக் கழிக்க விரும்பும் பெற்றோரும் இதனைச் செய்து பார்க்கலாம். வேண்டியவை மூன்றே: ஒரு தாள், கூராகச் சீவிய ஒரு பென்சில், ஓர் அழிறப்பர். கவராயம் வேண்டா, ஆமையின் முதுகு கவராயத்துக்கு அடங்குவதன்று.

முதலில் கரையாமை. மன்னார்ப் பெருநிலப்பரப்பின் பற்றைக்காடுகள் போன்ற வறண்ட நிலங்களில் வாழும் நட்சத்திர ஆமையையே எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டிலிருந்து பார்ப்பதாக வரைதல் எளிது.

முதற்படி: தாளின் நடுவே 4 அங்குல நீளத்தில் மெல்லிய கிடைக்கோடு ஒன்று இடுக. அதன் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே 2 அங்குல உயரத்தில் ஒரு புள்ளி வைக்க. கோட்டின் இரு முனைகளையும் அப்புள்ளி வழியாக வளைகோட்டால் இணைக்க. சட்டியைக் கவிழ்த்தாற்போல் ஓர் உருவம் கிடைக்கும். தலைப்பக்கம் சற்றே சரிந்தும், வாற்பக்கம் செங்குத்தாகவும் இறங்கினால் இயற்கையாக இருக்கும்.

இரண்டாம் படி: அடிக்கோட்டுக்கு மேலே அரை அங்குலம் தள்ளி இன்னொரு கோடு இடுக. இதுவே ஓட்டின் விளிம்பு. இவ்விளிம்பை 11 சிறு கட்டங்களாகப் பிரிக்க. ஒவ்வொரு பக்கத்திலும் 11 ஓரத்தகடுகளும், வாலுக்கு மேலே தனித் தகடு ஒன்றும் இவ்வாமைக்கு உண்டு.

மூன்றாம் படியிலேதான் தொடக்ககாரர் பலரும் தவறுகின்றனர். முதுகு முழுவதும் தேன்கூடு போல் மனம்போனபடி அறுகோணங்களை நிரப்பிவிடுவர். ஆமையின் முதுகில் கணக்கு உண்டு. நடுமுதுகில் வரிசையாக 5 தகடுகள். அவற்றின் இருமருங்கிலும் நான்கு நான்கு பெருந்தகடுகள். பக்கவாட்டில் பார்க்கும்போது ஒருபுறத்து நான்கும், மேலே ஐந்தின் பாதியும் தெரியும். ஆகவே விளிம்புக்கு மேல் ஓர் அங்குல உயரத்தில் வளைந்த கோடு ஒன்று இட்டு, அதன் கீழுள்ள பகுதியை மூன்று கோடுகளால் நான்காகப் பிரிக்க. மேற்பகுதியை நான்கு கோடுகளால் ஐந்தாகப் பிரிக்க. மேற்கோடு ஒவ்வொன்றும் கீழ்த்தகட்டின் நடுவிலே வந்து முட்டுதல் வேண்டும். கொத்தன் சுவர் கட்டும்போது கல்லின் பொருத்துக்கு மேல் பொருத்து வராமல் அடுக்குவானல்லவா? அதே முறைதான். பின்னர், முட்டும் இடங்களைச் சற்று மேலும் கீழுமாக இழுத்து இடைக்கோட்டை வளைவு நெளிவாக்குக.

நான்காம் படி: தகடு ஒவ்வொன்றின் நடுவிலும் சிறு புள்ளி வைத்து, அதிலிருந்து தகட்டின் ஓரம் வரை ஏழெட்டுக் கதிர்களை இழுக்க. கதிர்களுக்கு இடைப்பட்ட இடத்தைப் பென்சிலால் கருமையாக்குக. புள்ளியும் கதிர்களும் மஞ்சள் நிறம், மற்றையது கறுப்பு. இப்பொழுது முதுகெங்கும் நட்சத்திரம் பூத்திருக்கும். காய்ந்த புல்லின் நிழலிலே இவ்வாமை இருந்தால் கண்ணுக்குப் புலப்படாது. அழகுக்கென நாம் எண்ணும் கோலம் அதற்குக் காவல்.

ஐந்தாம் படி கால்கள். இங்கே யானையை நினைத்துக்கொள்க: தடித்த, உருண்ட, தூண் போன்ற கால்கள். முன்காலில் 5 நகங்கள், பின்காலில் 4. முன்காலின் முகப்பில் செதில்களைக் காட்டுக. ஓட்டினுள் ஒடுங்கும்போது இச்செதில்களே வாயிற்கதவு ஆகின்றன.

இறுதியாகத் தலையும் வாலும். கழுத்து சுருக்கங்கள் உடையது. வாயில் பல் இல்லை. கிளியின் அலகு போன்ற வளைந்த ஓரம் மட்டுமே. கண்ணிலே சிறு வெண்புள்ளி ஒன்றை விட்டுவைத்தால் ஆமை உயிர்பெற்றுவிடும். முதலில் இட்ட துணைக்கோடுகளை அழித்துவிடுக.

இனிக் கடலாமை. இதனை மேலிருந்து பார்ப்பதாக வரைக. தாளிலே 4 அங்குல நீளத்தில் ஒரு வெற்றிலையை வரைந்துகொள்க. வெற்றிலையின் அகன்ற பக்கம் தலை. கூரிய நுனி வால். நடு நரம்பின்மேல் 5 தகடுகள். இருமருங்கும் நான்கு நான்கு. ஓரத்தைச் சுற்றிச் சிறு தகடுகள். முன்னே இரு நீண்ட துடுப்புகள், ஓட்டின் நீளத்தில் பாதிக்குச் சற்று மேலாக, அரிவாள் போலப் பின்னோக்கி வளைந்திருக்க வேண்டும். பின்னே இரண்டு குறுந்துடுப்புகள். முன்னவை தோணியைச் செலுத்தும் துடுப்பு. பின்னவை திசை திருப்பும் சுக்கான். பெண்ணாமை கரையேறி மணலைத் தோண்டி முட்டையிடும் குழியை அமைப்பதும் இப்பின்துடுப்புகளாலேயே.

நம் வீடுகளில் தொங்கும் கூர்மாவதாரப் படங்களைப் பாருங்கள். பாற்கடலின் அடியிலே மந்தர மலையைத் தாங்கும் ஆமைக்குப் பெரும்பாலும் நகமுள்ள கரையாமைக் கால்களையே ஓவியர் வரைந்திருப்பர். தெய்வத்துக்கு எதுவும் இயலும். ஆகவே அவர்களைக் குறைகூற மாட்டோம். அலைமேல் கரையாமையை ஏற்றிய நமக்கும் அதுவே ஆறுதல்!

பழம்புலவரும் கடலாமையைக் கண்டவரே. அகநானூற்றின் 160ஆம் பாட்டில், அடும்பங்கொடி படர்ந்த மணலிலே ஆமை முட்டையைப் புதைக்கும் காட்சி வருகிறது. கொடியும் மணலும் முட்டையின் வட்ட வடிவமும் கண்ணாரக் கண்டு சொன்னவை. அம்முட்டைகளை ஆணாமை காவல் காக்கும் என்பது மட்டும் புலவரின் அன்புள்ளம் சேர்த்தது. ஆணாமை முட்டையைத் தேடிக் கரையேறுவதில்லை. பெண்ணும் ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகளுக்குக் காவல் மணல் ஒன்றே.

இலங்கைக் கரைகளுக்கு வரும் கடலாமைகள் ஐவகை. அவற்றைப் பிரித்தறிய நாம் வரைந்த படமே போதும். நடுவரிசையின் ஒருபக்கத்துப் பெருந்தகடுகளை எண்ணுக. நான்கு இருந்தால் பேராமை அல்லது அழுங்காமை. ஐந்து இருந்தால் பெருந்தலையாமை. ஆறு அல்லது அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பங்குனி ஆமை. அதற்கு இருபுறத்து எண்ணிக்கையும் ஒவ்வாதிருத்தலும் உண்டு. தகடே இல்லாமல், தோல் போர்த்த முதுகில் ஏழு வரிகள் நீளவாக்கில் ஓடினால் அது எழுவரி ஆமை, ஐந்தினும் பெரியது.

இவ்வெண்ணிக்கையைச் சிறுபிள்ளை விளையாட்டென்று எண்ணற்க. பெருந்தலையாமையும் பங்குனி ஆமையும் ஒன்றே என்று நூல்வல்லாரும் மயங்கிய காலம் உண்டு. கொழும்பு அரும்பொருட்சாலையின் தலைவராக விளங்கிய பி. ஈ. பி. தெரணியகல அவர்கள், 1930களில் ஓடுகளை நுணுகி ஆராய்ந்து அவ்விரண்டும் வேறு வேறு என்று காட்டினார். 1939இல் வெளிவந்த அவருடைய ஊர்வன பற்றிய நூல் இன்றும் அறிஞர் கையாள்வது.

பேராமைக்கும் அழுங்காமைக்கும் நான்கு நான்கே எனில், அவற்றை எவ்வாறு பிரிப்பது? இரண்டு அடையாளங்கள் உள. பேராமையின் தகடுகள் தளவரிசைக் கல் போல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். அழுங்காமையின் தகடுகள் கூரைக்கு ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். பேராமையின் கண்களுக்கு இடையே முன்புறச் செதில்கள் இரண்டு, அழுங்காமைக்கு நான்கு. அழுங்காமையின் வாய் கிளிமூக்குப் போல் கூர்ந்து வளைந்திருக்கும். பேராமை கடற்புல்லை மேய்வது. அழுங்காமை பெரிதும் கடற்பஞ்சுகளைத் தின்பது.

இவ்வேறுபாடு உயிர் பற்றியதும் ஆகும். கடலாமை இறைச்சி சில வேளைகளில் நஞ்சாகிவிடும். அழுங்காமை இறைச்சியால் நேர்ந்த சாவுகள் பல நாடுகளிலும் பதிவாகியுள்ளன. மற்றைய கடலாமைகளும் இதற்கு விலக்கல்ல. சமைப்பதால் அந்நஞ்சு நீங்குவதில்லை. 1840ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பாணந்துறையிலே ஆமை இறைச்சி உண்ட 28 பேரில் 18 பேர் அன்றிரவே மாண்டனர் என்று எமர்சன் தெனன்ற் எழுதிவைத்துள்ளார். அவ்விறைச்சி வழக்கத்தினும் கொழுப்பாக இருந்ததேயன்றி வேறு வித்தியாசம் தெரியவில்லை என்று பிழைத்தோர் கூறினராம். அறுத்த பின்னர் கண்டறிய வழியில்லை என்பது இதனால் விளங்கும். மேலும், தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1972 முதல் ஐவகை ஆமைகளையும் கொல்லுதல் குற்றம். நட்சத்திர ஆமைக்கும் காவல் உண்டு. வளர்ப்புப் பிராணியாக விற்பதற்கெனக் கடத்தப்படுவதால், 2019இல் அனைத்துலக வாணிபம் அதற்கு முற்றாகத் தடைசெய்யப்பட்டது.

இவற்றையெல்லாம் அடுத்த வாரமே வகுப்பில் சொன்னோம். இம்முறை பலகையில் இரண்டு ஆமைகள். நம்மைத் திருத்திய மாணவனையே அழைத்துத் துடுப்புகளை வரையச் செய்தோம். மாணவர் எல்லோரும் தத்தம் கொப்பியில் தகடு எண்ணி வரைந்துகொண்டனர்.

சில மாதங்கள் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை அவன் வகுப்புக்கு முன்னரே வந்து நம் மேசையருகில் நின்றான்.

"சேர், சனிக்கிழமை அப்பாவின் வலையில் ஒன்று பட்டது. பக்கத்துக்கு நாலு. ஓடு ஒன்றன்மேல் ஒன்று. கிளிமூக்கு. பங்கு போடலாமென்று இரண்டு பேர் கேட்டவை. நான் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டி, பாணந்துறைக் கதையையும் சொன்னேன்."

"அப்பா என்ன செய்தார்?"

"கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். பிறகு வலையை அறுத்து விட்டுவிட்டார். இரண்டு முழம் வலை போச்சு, சேர்."

அவ்விரண்டு முழத்தின் விலை நமக்குத் தெரியும். அவ்வீட்டார்க்கு அது சிறு இழப்பன்று. நூறு பேருரைகள் செய்யாத வேலையைக் கொப்பித் தாளில் ஒரு பையன் கீறிய படம் செய்தது. அழகாக வரைந்ததனால் அன்று, எண்ணி வரைந்ததனால்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் ஆமை வரையும்போது "நன்றாக இருக்கிறதா?" என்று மட்டும் பார்க்காதீர்கள். "எத்தனை தகடு? கால் எது, துடுப்பு எது?" என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் அவர்களையே தேடிக் காணச் செய்யுங்கள். மாணவர்களே, முதற்படம் கோணலாகவே வரும். நமது முதற்படத்தையும் ஆமை என்று வீட்டில் எவரும் ஒப்பவில்லை. ஐந்தாவது படத்தில் கை பழகும். பத்தாவது படத்தில் கண் திறக்கும்.

இவ்வாண்டும் அதே குறளைக் கற்பித்தோம்; பலகையில் அதே ஆமையை வரைந்தோம். அலைகளை மட்டும் இடவில்லை.