சிறைக்குள்ளிருந்து வென்ற எதிர்க்கட்சி

அரசைக் குறை கூறுவது நாட்டுக்குச் செய்யும் துரோகம் ஆகாது என்னும் கொள்கை, அமெரிக்காவில் குடியரசோடு சேர்ந்து பிறந்ததன்று. அந்நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தில் அரசியல் கட்சி என்ற சொல்லே இடம்பெறவில்லை. முதல் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் பதவியிலிருந்து விலகும்போது, கட்சி உணர்வு நாட்டைப் பிளந்துவிடும் என்று 1796-இல் எச்சரித்தார். எனினும் அதற்குள்ளாகவே, வலுவான மத்திய அரசை விரும்பிய ஃபெடரலிஸ்ட் கட்சியினரும், ஜெஃபர்சன், மேடிசன் ஆகியோர் தலைமையில் அதை எதிர்த்த குடியரசுக் கட்சியினரும் (இன்றைய குடியரசுக் கட்சி வேறு) இரு அணிகளாகப் பிரிந்துவிட்டனர்.

1798-இல் பிரான்சுடன் கடலில் மோதல் மூண்டபோது, நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை பெற்றிருந்த ஃபெடரலிஸ்ட் கட்சியினர் அரச நிந்தனைச் சட்டத்தை நிறைவேற்ற, குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் ஜூலை 14 அன்று அதில் கையெழுத்திட்டார். அரசையோ, நாடாளுமன்றத்தையோ, குடியரசுத் தலைவரையோ இழிவுபடுத்தும் நோக்கில் பொய்யாக எழுதுவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 2,000 டாலர் வரை அபராதமும் விதிக்க அது வழிசெய்தது. சட்டம் காப்பாற்றிய பதவிகளின் பட்டியலில் துணைக் குடியரசுத் தலைவர் பதவி மட்டும் இல்லை. அப்பதவியில் இருந்தவர் எதிரணித் தலைவரான ஜெஃபர்சன். மேலும், ஆடம்ஸின் பதவிக்காலம் முடியும் 1801 மார்ச் 3 அன்றே சட்டமும் காலாவதியாகும் என்று விதிக்கப்பட்டிருந்ததால், அது எவரைக் குறிவைத்தது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

அச்சட்டத்தின்கீழ் முதலில் தண்டிக்கப்பட்டவர், வெர்மான்ட் மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வாகியிருந்த மேத்யூ லயன். அயர்லாந்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்து அரசியலில் உயர்ந்த அவர், குடியரசுத் தலைவர் ஆடம்பரத்திலும் முகத்துதியிலும் மயங்கிக் கிடப்பதாகப் பத்திரிகைக்கு எழுதிய கடிதம், சட்டம் கையெழுத்தாகும் முன்பே எழுதப்பட்டிருந்தும், குற்றமாகக் கொள்ளப்பட்டது. 1,000 டாலர் அபராதமும் நான்கு மாதச் சிறையும் பெற்று வெர்ஜென்ஸ் நகரில் அவர் அடைபட்டிருக்கையில் தேர்தல் நடந்தது. வாக்காளர்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். சபையிலிருந்து அவரை வெளியேற்றக் கொண்டுவரப்பட்ட தீர்மானமும், அதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிட்டாமல் தோற்றது.

1800-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆடம்ஸ் தோற்றார். ஆனால் ஜெஃபர்சனும் அவருடைய கட்சியைச் சேர்ந்த ஆரன் பர்ரும் தேர்வாளர் வாக்குகளில் 73-க்கு 73 எனச் சமநிலை பெற்றதால், மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற முறையில் பிரதிநிதிகள் சபை முடிவெடுக்க வேண்டியதாயிற்று. 36-ஆவது சுற்றில், வெர்மான்ட்டின் மற்றோர் உறுப்பினர் விலகி நிற்க, அம்மாநிலத்தின் வாக்கை ஜெஃபர்சனுக்கு அளித்தவர் சிறை மீண்ட லயனே. பதவியேற்ற ஜெஃபர்சன், அச்சட்டத்தால் தண்டிக்கப்பட்டோருக்கு மன்னிப்பு வழங்கினார். லயன் கட்டிய அபராதத்தை 1840-இல் நாடாளுமன்றம் அவருடைய வாரிசுகளுக்குத் திருப்பித் தந்தது.

அச்சட்டம் செல்லுமா என்பதை உச்ச நீதிமன்றம் அதன் காலத்தில் விசாரிக்கவே இல்லை. 1964-இல் வேறொரு வழக்கில்தான், வரலாறே அதற்கு எதிராகத் தீர்ப்பளித்துவிட்டது என்று அது கூறியது. நீதிமன்றத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக முன்னரே அத்தீர்ப்பை எழுதியவர்கள், சிறையில் இருந்தவருக்கு வாக்களித்த வெர்மான்ட் மக்களே.