மனை வாங்கும் முன் பூங்கா எங்கே என்று கேளுங்கள்



2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. சுற்றிலும் பல வயல்கள் இன்று மனைகளாகிவிட்டன. நம்ம உறுப்பினர்கள் சிலரும் குழுக் கடன் எடுத்து மனை வாங்குறாங்க. விலை என்ன, ரோடு இருக்கா என்று விசாரிக்கிறோம். பூங்கா இடத்தை யாரும் கேட்பதில்லை. "பூங்கா எல்லாம் வசதிக்காரங்களுக்கு, நமக்கு எதுக்கு?" என்றார் ஒரு அக்கா. ஏன் வேண்டும் என்று பார்ப்போம்.

கல்வராயன் மலையில் பெய்யும் மழையைக் காட்டு மண் உறிஞ்சி, மெல்ல மெல்லக் கசிய விடுகிறது. வீடுகளுக்கு நடுவே உள்ள மண்தரையும் சிறிய அளவில் இதே வேலையைச் செய்கிறது. ஒரு சென்ட் நிலத்தில் 25 மி.மீ. மழை பெய்தால் சுமார் 1,000 லிட்டர் தண்ணீர் விழும். சிமெண்ட் தரை என்றால் சாக்கடைக்குப் போய்விடும். மரம் உள்ள மண்ணில் பெரும்பகுதி கீழே இறங்கி, நம்ம போர்வெல்லுக்கு உதவும். மரத்தின் இலைகள் நீராவி விடுவதால் வெக்கையும் குறையும். பூவுக்குத் தேனீ வரும். அது பக்கத்துக் கொல்லையில் உள்ள பூசணியும் காய்க்க உதவும்.

இதற்குச் சட்டமும் உண்டு. 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை பிரித்தால், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும்.

பெங்களூரு ராஜ்மஹால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கு விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்ட ஒதுக்கினார்கள். குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பூங்கா இடம் எல்லோருக்கும் சொந்தம் என்பதற்கு இதுவே சாட்சி.

நாம் செய்ய வேண்டியவை:

1. முன்பணம் கொடுக்கும் முன் அங்கீகாரம் பெற்ற மனை வரைபடத்தைக் கேளுங்கள். அதில் பூங்கா எங்கே என்று பார்த்து, அந்த இடத்துக்கே நேரில் போங்கள்.

2. தானப் பத்திரம் பதிவாகிவிட்டதா என்று ஊராட்சியில் கேளுங்கள்.

3. பூங்கா இடத்தில் மனைக்கல் நட்டிருந்தால் கிராம சபையில் மனு கொடுங்கள். தனியாகப் போகாமல் குழுவாகப் போங்கள்.

4. இடம் சும்மா கிடந்தால், ஊராட்சியில் சொல்லிவிட்டு வேம்பு, புங்கன், நாவல் நடுங்கள்.

கடனை மாதாமாதம் கட்டி முடித்துவிடலாம். பூங்கா இடத்தில் வீடு எழும்பிவிட்டால் அதை மீட்பது மிகவும் கஷ்டம். இந்த மாதக் கூட்டத்தில் இதைப் படித்துப் பேசுங்கள்.