மூலைக்கொரு துணிப்பூ

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த ‘சித்தி’ சமூகப் பெண்கள், பழந்துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் விரிப்புக்குக் ‘கவந்தி’ என்று பெயர். ஓரத்தில் தொடங்கும் ஓட்டுத்தையல், சுற்றிச் சுற்றி நடுவில் வந்து முடியும். நான்கு மூலைகளிலும் ‘பூலா’ என்னும் மடித்த துணிப்பூ அமைந்தால்தான் அது நிறைவுபெறும்.

அம்முறையில், சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணி ஒன்றை நாமும் தைக்கலாம். 22 செ.மீ. சதுரப் பருத்தித் துணியை விரித்து, அதன்மேல் 20 செ.மீ. அளவில் பழைய துவாலையை இரண்டு மடிப்பாக வைத்து, ஓரங்களை 1 செ.மீ. உள்ளே மடக்குவோம். விளிம்பு மடித்த துண்டுகளை ஓரத்திலிருந்து ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு வைத்து, எல்லா அடுக்குகளையும் சேர்த்துத் தைத்துக்கொண்டே நடுவை அடைவோம். இறுதியில் மூலைகளில் துணிப்பூவும், மாட்டுவதற்கு ஒரு நாடாவும் தைப்போம்.

ஒன்றை மறத்தலாகாது. பளபளப்பு கருதிப் பாலியெஸ்டர், நைலான் துண்டுகளைச் சேர்த்தால், அவை சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். முழுவதும் பருத்தியாகவே இருத்தல் வேண்டும். ஈரத்துணி சூட்டை விரைந்து கடத்துமாதலால், உலர்ந்த பின்னரே பயன்படுத்துவோம்.

வீணென ஒதுக்கிய சிறு துண்டுகளும் ஒன்றுசேர்ந்தால் கையைக் காக்கும்.